ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஜிம்மா, தண்டாலா?

புத்தகப் பையுடன் இரண்டு மாடி ஏறினாலே முதுகு வலிக்கிறது என்று என் மகள் அடிக்கடி சொல்லத் தொடங்கியது சென்ற ஆண்டு, அவளுக்கு ஒன்பது வயது நிறைந்த சமயத்தில். மருத்துவரிடம் காட்டி, எலும்பில் குறையில்லை, உடம்பில் வலு போதவில்லை என்று தெரிந்த பிறகு, எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பதினைந்து வயது வரை காத்திருக்கலாம். வீட்டருகே உள்ள ஜிம்மில் சிறுவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்க்கலாம். அல்லது மைதானத்தில் சிலம்பம் கற்பிக்கும் ஆசானிடம் தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழுதல்), கம்பியில் தொங்குதல் ஆகியவற்றைப் பழகவிடலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது.

காத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரம் தூக்கினால் குழந்தை வளராது என்ற அச்சமே அதற்கு ஆதாரம். முறையாகக் கற்பித்து, உடனிருந்து கவனிக்கப்படும் பயிற்சி உயரத்தைப் பாதிப்பதில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை தெளிவுபடுத்துகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் பரிந்துரைத்தது.

ஆகவே உண்மையான போட்டி ஜிம்முக்கும் மைதானத்துக்கும் இடையேதான். வலு இரண்டிலும் கூடும். பருவமடைவதற்கு முந்தைய வயதில் தசை பெரிதாகப் பருப்பதில்லை. நரம்புகள் அதிகமான தசைநார்களை ஒருங்கே இயக்கப் பழகுவதால்தான் வலு பெருகுகிறது. அப்படியென்றால் அந்த வயதில் குழந்தை கற்பது அசைவின் ஒழுங்கையே. அந்த ஒழுங்கை யார் பார்த்துத் திருத்துகிறார்கள் என்பதே எனக்கு முடிவான கேள்வியாக இருந்தது. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு எடைப்பயிற்சிக் காயங்களுடன் வந்தவர்களை ஆராய்ந்தபோது, 8 முதல் 13 வயதினரின் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும் ஏற்பட்டவை என்றும், பெரும்பாலும் எடையைத் தவறவிட்டதாலும் விரல் நசுங்கியதாலும் நேர்ந்தவை என்றும் தெரியவந்தது. அருகில் கவனிக்கும் கண் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகள் அவை.

அந்த ஜிம்மில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒரே பயிற்றுநர். இடையிடையே பெரியவர்களும் அவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகை வளைத்து டம்பெல்லைத் தரையிலிருந்து எடுத்த ஒரு சிறுவனை, நான் இருந்தவரை யாரும் திருத்தவில்லை. ஆசானிடம் ஆறு பேர் ஒரே வரிசையில் ஒரே பயிற்சியைச் செய்வதால், ஒரு பார்வையிலேயே பிழை தெரிந்துவிடுகிறது. “இடுப்பு தொங்குது கண்ணு, போதும், எழுந்திரு” என்று சொல்லி, எண்ணிக்கை முடியும் முன்பே நிறுத்திவிடுகிறார்.

பாரத்தைக் கூட்டும் விதத்திலும் வேறுபாடு உண்டு. குழந்தைகளுக்கு 5 முதல் 10 சதவீதம் வரைதான் ஒரு படியில் கூட்ட வேண்டும் என்பார்கள். ஆனால் 1 கிலோ டம்பெல்லுக்கு அடுத்தது 2 கிலோ என்றால், அது ஒரே தாவலில் இருமடங்கு. உடல் எடையில் படிகள் சிறியவை: முதலில் சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு திண்ணை, பிறகு தாழ்ந்த பலகை, கடைசியில் தரை. என் மகள் தரைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின.

ஜிம்முக்கும் நியாயம் செய்ய வேண்டும். எடை கூடிய குழந்தைக்குத் தன் உடம்பைத் தூக்குவதே பெரும் பாரமாகிவிடும். அவர்களுக்கு லேசான டம்பெல்லும் ரப்பர் பட்டையும் நல்ல தொடக்கம். நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு பயிற்றுநர் இருக்கும் ஜிம் எங்கள் ஊரில் இருந்திருந்தால், என் முடிவு மாறியிருக்கக்கூடும். என் அனுபவமும் ஒரே குழந்தையுடன், ஒரே ஆண்டு அளவில் நிற்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இதையே சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மைதானத்தின் பெரிய குறை மழை. சென்ற ஐப்பசியில் ஐந்து வாரங்கள் பயிற்சி நின்றது. திரும்பிச் சென்றபோது அவள் தரையிலிருந்து மறுபடியும் பலகைக்கு ஏற வேண்டியதாயிற்று. பயிற்சியை நிறுத்தினால் குழந்தைகளிடம் சேர்ந்த வலு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டு மழை நாட்களில் வாரம் இரண்டு மாலை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பயிற்சி நடக்கும். அவள் இடுப்பு தொங்குகிறதா என்று பக்கவாட்டில் அமர்ந்து பார்க்க, ஆசானிடமே நான் கற்றுக்கொண்டு வருகிறேன்.