முதல் நேரோபோட் பயணத்துக்கு எந்தக் கால்வாய்?

நேரோபோட் என்பது கால்வாயில் ஓட்டும், உள்ளேயே தங்கக்கூடிய ஒல்லியான படகு. பிரிட்டனில் அதை வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. ஏழடிக்கும் குறைந்த அகலம், பெரிய படகென்றால் எழுபதடி நீளம். கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள். ஆலப்புழை படகுவீட்டை நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். இங்கே டிரைவர், கிளீனர், சமையல்காரர் எல்லாமே நாம்தான்.

ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பின்னால் நின்று பிடிக்கும் திசைதிருப்பும் கைப்பிடியான டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான். வேக வரம்பே மணிக்கு 4 மைல். புதியவர்களைப் பயமுறுத்துவது லாக். இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு தொட்டி அது; மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேட்டுக்கோ பள்ளத்துக்கோ கொண்டுபோகும். அதனால் இங்கே சொல்லப்போகும் மூன்று கால்வாய்களையும் முதலில் லாக் கணக்கை வைத்தே பார்க்கிறேன்.

வேல்ஸில் உள்ள மன்மத்ஷயர் அண்ட் பிரெக்கன் கால்வாய் இதில் மிகச் சுலபம். 35 மைலுக்கு ஆறே லாக், அதிலும் ஐந்து லங்கினிடர் ஊரை ஒட்டியே இருக்கின்றன. அதற்குத் தெற்கே இருபது மைலுக்கு மேல் ஒரு லாக் கூட இல்லை. மற்றக் கால்வாய்களோடு இணைப்பு இல்லாததால் கூட்டமும் குறைவு. ஆனால் ஆழம் போதாது, ஓரம் ஒதுங்கினால் தரை தட்டும். போன வழியே திரும்பியாக வேண்டும். மலையும் மரமும் ஆடும் போதும் என்பவர்களுக்கு இது போதும். பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டாம் நாளே முணுமுணுப்பார்கள்.

லங்கோலன் கால்வாய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பொன்ட்கசுல்டே தொட்டிப் பாலம். நம் மாத்தூர் தொட்டிப் பாலத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே தொட்டிக்குள் நாமே படகில் போகிறோம். 1805-இல் திறந்த இரும்புத் தொட்டி, 126 அடி உயரம், 307 மீட்டர் நீளம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் கம்பியே இல்லை, படகின் விளிம்பை அடுத்து வெறும் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்கள் உள்ளே உட்கார்ந்து டீ போடலாம். சர்க் அல்லது டிரெவரில் ஏறினால் லங்கோலன் ஊர் வரை லாக்கே இல்லை, வார இறுதிக்குச் சரியான தூரம். இங்கே சிக்கல் கூட்டம்தான். டிரெவரைத் தாண்டிய சில குறுகலான இடங்களில் ஒரு படகுதான் போகமுடியும். ஒருவர் முன்னால் நடந்து போய் எதிரே படகு வருகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். டீ (Dee) நதியிலிருந்து வரும் நீரோட்டமும் எதிர்த்துத் தள்ளும். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். மே மாதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்கே என் ஓட்டு.

கெனட் அண்ட் ஏவன் கால்வாய் வேறு ரகம். பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் ஊர் லாக்குக்குக் கீழிருந்து பாத் நகர் வரை ஏறக்குறைய 9 மைல் லாக் இல்லாத நீர். டண்டாஸ் தொட்டிப் பாலம், கரையோர பப், முடிவில் ஒரு முழு நகரம் என்று வேடிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் வழிநெடுகப் படகிலேயே குடியிருப்பவர்கள் கட்டிப்போட்ட படகுகள். ஒவ்வொன்றையும் ஊர்ந்துதான் கடக்கவேண்டும், வேகமாகப் போனால் திட்டு விழும். மறுதிசையில் டிவைஸஸ் பக்கம் மொத்தம் 29 லாக், அதில் கேன் ஹில்லில் மட்டும் 16 வரிசையாக மலையேறுகின்றன. அகலமான லாக் என்பதால் கதவும் கனம். இரண்டே பேராகப் போகிறவர்களுக்கு அது வேண்டாத வேலை.

எந்த லாக்கானாலும் ஒன்றை மறக்காதீர்கள். கீழே இறங்கும்போது மேல்கதவின் அடியில் ‘சில்’ என்ற திண்டு இருக்கும். அதன் இடம் சுவரில் வெள்ளைக் கோட்டால் குறித்திருக்கும். படகின் பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் நிற்கவேண்டும். திண்டில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் தொங்கி முன்பக்கம் மூழ்கும். டில்லர் பிடிப்பவர் கோட்டிலிருந்து கண்ணெடுக்கக் கூடாது, மதகு திறப்பவர் படகிலிருந்து கண்ணெடுக்கக் கூடாது. மாட்டியது தெரிந்தால் உடனே மதகை மூடவேண்டும். செல்ஃபி எல்லாம் வெளியே வந்தபிறகு.

தாத்தா பாட்டியோடு போவதென்றால் பிரெக்கன். ஊர் சுற்றப் பிடிக்கும் நண்பர் கூட்டம் என்றால் பாத். முன்பணம் கட்டுமுன் கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் இணையதளத்தில் அறிவிப்புகளைப் பாருங்கள்; வறண்ட கோடையில் லாக்குகளை மூடுவதுண்டு, குளிர்காலத்தில் பழுதுபார்ப்புக்காகவும் மூடுவார்கள்.