ஸீலேடெக்கில் ஒரு கல்வெட்டு அடித்த அனுபவம்

பெரியம்மாவின் அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியை) கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாகக் கொடுக்கும் சிறு நூல், அடிக்க வேண்டி வந்தபோதுதான், கட்டளைகளை எழுதி அச்சுப் பக்கங்களை உருவாக்கும் மென்பொருளான ஸீலேடெக்கை (XeLaTeX) முழுசாகப் பாவித்துப் பார்த்தேன். முன்பு அப்பப்பாவுக்கு வெளியில் கொடுத்துச் செய்வித்த கல்வெட்டில் சொற்களுக்கிடையே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி, "31" ஒரு வரியின் கடைசியில், "ஆம் நாள்" அடுத்த வரியின் தொடக்கத்தில். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இதன் அடிப்படையான ஸீடெக் (XeTeX) 2004 இல் வந்தது, இலவசம், யூனிக்கோட் தமிழை அப்படியே எடுக்கும். நான் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட்டேன், கொம்பும் காலும் எங்கேயும் பிசகவில்லை. வரியைத் தனித்தனியாகப் பார்க்காமல் முழுப் பந்தியையும் பார்த்து எங்கே உடைப்பது என்று முடிவெடுப்பதால் "வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" போன்ற நீளச் சொற்கள் வந்தாலும் பந்தி ஒரே சீராக நிற்கிறது. தமிழ்ச் சொல் உடைப்பு விதிகளும் கூடவே வருகின்றன, ஆனால் உடையும் இடத்தில் சிறுகோடு போடும், அது எனக்குப் பிடிக்காததால் அதற்குப் பதில் அகலமே இல்லாத ஒரு குறியை எழுத்துருவுக்குச் சொல்லிவிட்டேன். இன்னொன்று: வரி முனையில் குறைந்தது இத்தனை எழுத்து என்று கட்டும்போது அது "கோ"வை இரண்டாக எண்ணும், க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. இதைப் பிடிக்க எனக்கு ஒரு இரவு போனது.

என்னை உண்மையில் கவர்ந்தது எழுத்து வகுப்பு வசதி. இலக்கங்களை ஒரு வகுப்பாகவும் தமிழ் எழுத்துகளை இன்னொரு வகுப்பாகவும் பிரித்து, இரண்டும் பக்கத்தில் வந்தால் உடையாத மெல்லிய இடைவெளி விடு என்று ஒருமுறை எழுதினால் போதும், "31ஆம்", "1942இல்" எல்லாம் தானாகவே சரியாகும், 24 பக்கத்தையும் கண்ணால் தேட வேண்டியதில்லை. அதேபோல மேற்கோளுக்குள் "வாழி" என்று முடிந்தால் ழியின் மேல் விசிறி மேற்கோள் குறியில் போய் முட்டும், அங்கேயும் ஒரு மயிரிழை இடைவெளி வைத்தேன். எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவில் மட்டும் எதையும் செருகிவிடாதீர்கள், எழுத்தே சிதறிவிடும்.

எழுத்தமைப்பை நுணுக்கமாகச் சீர்செய்யும் மைக்ரோடைப் (microtype) என்ற பொதியையும் சேர்த்தேன். முற்றுப்புள்ளி, காற்புள்ளி கொஞ்சம் ஓரத்துக்கு வெளியே தள்ளி நிற்பதால் வலப்பக்க விளிம்பு நேராகத் தெரிகிறது. எழுத்தை நுணுக்கமாக அகட்டி ஒடுக்கும் வசதி மட்டும் ஸீடெக்கில் இல்லை, அதற்கு இதே குடும்பத்து பிடிஎப்டெக் (pdfTeX) அல்லது லுவாடெக் (LuaTeX) வேண்டும்.

தேவாரம், திருவாசகப் பக்கங்களில் வரிகள் ஏற்கெனவே பிரிந்திருப்பதால் அங்கே பெரிய வேலை இல்லை. பெரியம்மாவின் பெயரை ஒரு தனிக் கட்டளையாக வைத்து, எந்தப் பக்கத்திலும் இரண்டாக உடையாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல்முறை என்றால் ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள், முழுத் தொகுப்பும் சில ஜிகாபைட், தரவிறக்கவே நேரம் எடுக்கும், பிழைச் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். நாளைக்கே அச்சுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இதைத் தொடாதீர்கள். நான் 31 நாளில் முதல் 10 நாளை இதற்கே வைத்திருந்தேன்.