சொந்த ஐ.பி.யா, ரிலேயா, கூகுளா: வெளியே போகாத மெயிலுக்கு மூன்று வழிகள்

பரந்தனில் ஓர் அரிசி ஆலைக்குக் கணினி வேலைகள் பார்க்கிறேன். ஆலையின் மெயில் சேர்வர் அலுவலக அறை மூலையில் ஒரு பழைய டெஸ்க்டொப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளில் ஓடுகிறது. ஒன்பது மெயில் பெட்டிகள். நாளொன்றுக்கு எண்பது தொண்ணூறு மெயில் வெளியே போகும். பாதி கொழும்பு மொத்த வியாபாரிகளுக்கு. மீதி, மொட்டைக்கறுப்பன் அரிசி எடுக்கும் லண்டன், ரொறன்ரோ தமிழ்க் கடைகளுக்கு. காலபோக அறுவடை உச்சத்தில் நிற்கும்போது பார்த்து இது படுத்துக்கொண்டது. "தம்பி, லண்டன்காரர் விலை கேட்டு மூன்று நாளாம். நாங்கள் அனுப்பினது ஒண்டும் போகேல்லையாம்" என்று ஆலைக்கார அண்ணை சொல்லித்தான் எனக்கே தெரியும். திரும்பி வந்த மெயில்கள் எல்லாம் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய்க் குவிந்து கிடந்தன. நெல் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இருக்கும் கிழமைகளில் மூன்று நாள் என்பது சின்ன விடயமில்லை.

அந்தக் கிழமையிலிருந்து மூன்று வழிகளையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று, சொந்த ஐ.பி., அதாவது இணையத்தில் எங்கள் இணைப்புக்கு உள்ள முகவரி இலக்கத்திலிருந்து நாங்களே நேராக அனுப்புவது. இரண்டு, ரிலே: வெளியே போகும் மெயிலை மட்டும் இன்னொரு சேவையின் கையில் கொடுப்பது. மூன்று, முழு மெயிலையும் கூகுள் போன்றவர்களிடம் மாற்றிவிடுவது. கடைசியில் ரிலேயில் வந்து நின்றேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

வழியைத் தேடுவதற்கு முன் எது அடைபட்டிருக்கிறது என்று, சேர்வர் தன் வேலையை வரி வரியாக எழுதி வைக்கும் லொக் கோப்பில் பாருங்கள். எந்த ஊர் சேர்வரைத் தொட்டாலும் தொடர்பு கிடைக்காமல் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தால், சேர்வருக்குச் சேர்வர் மெயில் போகும் வாசலான 25ஆம் போர்ட்டை இணைய இணைப்புத் தந்த நிறுவனம் மூடியிருக்கிறது. உங்கள் சேர்வரில் எதைத் திருத்தினாலும் அது திறக்காது. எதிர்ச் சேர்வரின் பதிலில் 4இல் தொடங்கும் இலக்கம் வந்தால் 'இப்ப வேண்டாம், பிறகு வா' என்று பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் தன்பாட்டில் ஐந்து நாள் வரை திரும்பத் திரும்பப் போய்த் தட்டும். 5இல் தொடங்கினால் கதவு சாத்தியாயிற்று.

எங்களுக்கு வந்தது 550. அதே வரியில், குப்பை மெயில் வரும் ஐ.பி.களைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பெயரும் இருந்தது. அவர்களுடைய தடைப்பட்டியலில் ஐ.பி.யைக் கேட்டால் 127.0.0. என்று தொடங்கும் ஒரு விடை வரும். அதன் கடைசி இலக்கத்தில்தான் விசயம் இருக்கிறது. 10 அல்லது 11 என்றால், இது வீட்டு இணைப்புகளுக்கான வட்டாரம், இங்கிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்று ஒதுக்கியது. உங்கள் மேல் குற்றம் இல்லை. 4 என்றால் உங்கள் வேலிக்குள் ஏதோ ஒரு கணினியில் கிருமி இருக்கிறது. எங்களுக்கு 4. கணக்குப் பிள்ளையின் கணினியில் யாரோ திருட்டு மென்பொருள் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது இரவிரவாக ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை அனுப்பியிருக்கிறது. முழு அலுவலகமும் ஒரே ஐ.பி.யால்தான் வெளியே போகிறது என்பதால் பழி சேர்வர் தலையில். கணினியைத் துடைத்து, சேர்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் 25ஆம் போர்ட்டால் வெளியே போகக்கூடாது என்று ரவுட்டரில் ஒரு கட்டளை போட்டேன். அந்த ஒரு வரியை முதல் நாளே போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டதும் எடுத்துவிட்டார்கள்.

எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் பற்றி நீட்ட மாட்டேன். மெயில் உண்மையிலேயே எங்கள் டொமைனிலிருந்து, அதாவது முகவரியில் @க்குப் பிறகு வரும் பெயரிலிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள் இவை. எந்த வழியில் போனாலும் இவை வேண்டும். 2024 பெப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதியை இறுக்கிய பிறகு இதில் பேரம் இல்லை. நாளுக்கு 5000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். எங்களைப் போன்ற சிறிய இடங்களும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், ஐ.பி.யைத் திருப்பிக் கேட்டால் பெயர் சொல்லும் பி.ரி.ஆர். பதிவும் சரியாக இருக்க வேண்டும்.

அந்தப் பி.ரி.ஆர்.தான் முதல் வழியில் என்னை மடக்கியது. நிலையான ஐ.பி.க்கு மாதாமாதம் காசு கட்டினாலும் அது குத்தகை வயல் மாதிரி. உழலாம், விதைக்கலாம், உறுதி இன்னொருவர் பெயரில். எங்கள் டொமைன் பதிவுகளை நானே ஐந்து நிமிடத்தில் மாற்றுவேன். பி.ரி.ஆர். பதிவை மாற்ற இணைப்புத் தந்த நிறுவனத்தைக் கேட்க வேண்டும். தொலைபேசியில் எடுத்தவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே பிடிபடவில்லை. மூன்று கிழமை, நான்கு அழைப்பு, ஒரு கடிதம். அதுவரை சேர்வர் தன்னை ஒரு பெயரில் அறிமுகப்படுத்தியது, ஐ.பி. வேறொரு பெயர் சொன்னது. ஜிமெயில் நம்புமா?

சரி, அதுவும் ஒருவாறு முடிந்தது. எல்லாப் பதிவும் சுத்தம், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. அப்படியும் ரொறன்ரோ கடைக்காரர் இருவருக்கு எங்கள் மெயில் ஸ்பாம் பெட்டிக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது.

சொந்த ஐ.பி.யை நான் கைவிட்டது இந்த இடத்தில்தான். ஒரு ஐ.பி.யின் பெயர் என்பது ஒருநாள் சம்பாதித்து வைத்துவிடும் பொருள் அல்ல. ஒழுங்காக, போதிய அளவு, நாள் தவறாமல் நல்ல மெயில் போனால்தான் பெரிய சேர்வர்களுக்கு முகம் பழகும். நாளுக்கு எண்பது என்பது அவர்கள் கண்ணில் தூசி. கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் கருவியில் எங்கள் டொமைனைச் சேர்த்துப் பார்த்தேன். மெயிலின் எண்ணிக்கை போதாதென்று வரைபடமே வரவில்லை. நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. அறிமுகமில்லாதவன். அறிமுகமில்லாதவன் ஒருமுறை சறுக்கினால் மன்னிக்க ஆளில்லை. மறுபடி ஒரு கணினியில் கிருமி வந்தால், மறுபடி பட்டியல், மறுபடி விண்ணப்பம். தினமும் லொக் பார்க்க வேண்டும்; திரும்பி வந்த மெயில்களைப் படிக்க வேண்டும்; தடைப்பட்டியல்களைக் கிழமைக்கு ஒருமுறையாவது தட்டிப் பார்க்க வேண்டும். நான் ஆலைக்குப் போவது கிழமையில் இரண்டு நாள். மற்ற நாளில் மாங்குளத்திலோ வவுனியாவிலோ வேறொரு கடையில் பிரின்டருக்குள் கை விட்டுக்கொண்டிருப்பேன். முழுநேரமாக ஒருவரை வைத்திருக்கும் இடத்துக்குச் சொந்த ஐ.பி. சரிவரும். எங்களுக்கு இல்லை.

வெளிநாட்டில் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அமேசனின் கணினிகளிலும் கூகுள் கிளவுடிலும் 25ஆம் போர்ட் முதலே மூடித்தான் வரும். திறந்தாலும் பழைய குத்தகைக்காரர் அந்த ஐ.பி.யில் என்ன செய்துவிட்டுப் போனார் என்று யாருக்குத் தெரியும்.

முழுவதையும் கூகுளுக்கோ மைக்ரோசொஃப்டுக்கோ மாற்றுவது சுகமான வழி. மெயில் போய்ச் சேர்வதில் தலையிடி குறைவு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2000 மெயில் வரை கூகுள் விடும். எங்களுக்கு அது எட்டாத் தொலைவு. ஆனால் காசு ஆள் கணக்கில், டொலரில். எங்கள் ஒன்பது பெட்டியில் நான்கு பெட்டிகள், நாளொன்றுக்கு ஒரு மெயில்கூடப் பார்க்காதவை: தராசுக் கொட்டில், லொறி, களஞ்சியம், இன்னொன்று யாருடையது என்று எனக்கே மறந்துவிட்டது. 2022இல் ரூபாய் விழுந்த விதத்தைப் பார்த்த அண்ணைக்கு மாதாமாதம் டொலர் என்றால் முகம் சுருங்கும். மைக்ரோசொஃப்ட் பக்கம் ஒரு பாடசாலை நண்பரின் கடைக்கு இரண்டு மாதம் பார்த்துக் கொடுத்த பழக்கம்தான். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சேர்வர் ஏற்கெனவே இல்லாத இடம் என்றால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

நாங்கள் எடுத்தது நடுவழி. உள்ளே வரும் மெயில் பழையபடி ஆலைக்கே வரும். வெளியே போவது மட்டும் ரிலே ஒன்றின் கையில். உள்ளே வருவதில் எங்களுக்கு எப்போதும் பிரச்சினை இருந்ததில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்திலும் வரவேண்டிய மெயில் தொலையவில்லை. அனுப்புகிற சேர்வர்கள் நான்கைந்து நாள் விடாமல் முயலும். போஸ்ட்ஃபிக்ஸில் மாற்றியது சில வரிகள்: ரிலேயின் முகவரி, 587ஆம் போர்ட், கடவுச்சொல் கோப்பு, மறைகுறியாக்கம் கட்டாயம். 25ஆம் போர்ட் மூடியிருந்தாலும் இது போகும். வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றுமே மாறவில்லை.

ரிலேயிலும் குறை உண்டு. அது பங்குக் கிணறு. ஒருவர் வாளியில் அழுக்கோடு வந்தால் எல்லார் தண்ணீரும் கலங்கும். முதலில் எடுத்த இலவசச் சேவை அப்படித்தான். வேறு யாரோ அனுப்பிய குப்பைக்காக ஒரே மாதத்தில் இரண்டு தரம் எங்கள் மெயிலும் மறிபட்டது. அப்புறம் அமேசனின் எஸ்.ஈ.எஸ். என்ற மெயில் அனுப்பும் சேவைக்கு மாறினேன். 1000 மெயிலுக்கு 10 சதம், டொலர் கணக்கில். இணைப்புக் கோப்புகளுக்குக் கொஞ்சம் கூட. இதுவும் டொலர்தான், ஆனால் எங்கள் அளவுக்கு மாத பில் ஒரு டொலரைத் தொடுவதில்லை என்றதும் அண்ணை மறுபேச்சுப் பேசவில்லை. தொடக்கத்தில் நாளுக்கு 200 மட்டும், அதுவும் உறுதிப்படுத்திய முகவரிகளுக்கு மட்டும்தான் விடுவார்கள். யாருக்கு, எதற்கு அனுப்புகிறோம் என்று எழுதிக் கேட்டால் திறந்து விடுவார்கள். டிகிமுக்கு அவர்கள் தரும் மூன்று பதிவுகளை டொமைனில் போட்டால் டிமார்க்கும் பொருந்திவிடும்.

கிணற்றுக்குக் காவலும் இருக்கிறது. திரும்பி வரும் மெயில் நூற்றுக்கு 5ஐத் தொட்டால் கணக்கைக் கண்காணிப்பில் வைப்பார்கள்; 10ஐத் தாண்டினால் நிறுத்தவும் கூடும். பொங்கலுக்குப் பழைய கொப்பியில் இருக்கும் அறுநூறு முகவரிக்கும் வாழ்த்து அனுப்பச் சொல்லி அண்ணை கேட்டார். அதில் பாதி செத்த முகவரி. இந்த இலக்கங்களைக் காட்டி, "வேண்டாம் அண்ணை, அறுவடைக்குக் கணக்கு மூடிப்போம்" என்றேன். சொந்த ஐ.பி. என்றால் யாரும் எச்சரித்திருக்க மாட்டார்கள். நானும் அனுப்பித்தான் இருப்பேன்.

ரிலேக்கு மாறிப் பத்து மாதம். ரொறன்ரோ கடைகள் இரண்டுக்கும் மெயில் இன்பொக்ஸுக்கே போகிறது. ஹொட்மெயில் வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் இப்போதும் சிலவேளை ஸ்பாமில் விழுகிறது. அவருக்கு அண்ணை வட்ஸ்அப்பிலும் விலை போட்டுவிடுவார். பராமரிப்பு என்று மிஞ்சியது திரும்பி வரும் மெயில்கள் விழும் அந்தப் பெட்டி. அதை இப்போது கணக்குப் பிள்ளை தினமும் காலையில் திறக்கிறார். பில் கட்டும் வங்கி அட்டை முடியும் மாதத்தை ஆலைக் கலண்டரில் நான் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.