பந்து வராத பக்கம்: பழைய கல்லூரிக் கால்பந்து ஆட்டங்களுக்கான ஒரு சந்தாச் சேவை

பழைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்களின் தொலைக்காட்சிப் பதிவுகளை மாதச் சந்தாவுக்குத் தரும் இணையச் சேவை ஒன்றில், ஒரே ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் கல்லூரிக் காலத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்ற ஒற்றை நோக்கத்தோடு சேர்ந்தேன். நான் தேர்ந்துகொண்டவர் சார்ல்ஸ் உட்சன். மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் 1995 முதல் 1997 வரை மூன்று பருவங்கள் கார்னர்பேக்காக, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைக் களத்தின் ஓரத்தில் நின்று மறிப்பவராக ஆடி, எதிரணி எறிந்த பந்தை 18 முறை இடைமறித்துப் பிடித்து வெளியேறியவர். முதன்மையாகத் தற்காப்பில் ஆடும் ஒருவருக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது கிடைத்தது அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் பெரிய குறை தொலைக்காட்சிப் பதிவுகளை மட்டும் வைத்து நடத்தப்படும் எந்தச் சேவைக்கும் பொருந்தக்கூடியது என்பதால், பெயர் தெரிந்தும் பயனில்லை.

உள்ளே நுழைந்ததும் ஆட்டக்காரரின் பெயரை இட்டுத் தேடும் வசதிதான் முதலில் கண்ணில் படுகிறது. உட்சன் பெயரை இட்டவுடன் அவருடைய இடைமறிப்புகள், எதிரணி பந்தை விட்டுக்கொடுத்துத் தொலைவுக்கு உதைக்கும் பண்ட் உதையை அவர் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடியவை, தாக்குதல் அணியோடு இறங்கிப் பந்தைப் பிடித்தவை என்று துண்டு துண்டாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு மணி நேரத்திற்குள் மூன்று ஆண்டுகளையும் பார்த்து முடித்துவிடலாம். அப்படித்தான் நானும் முதல் நாள் முடித்தேன். முடித்தபோது ஒரு கார்னர்பேக்கைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே தெரிந்துகொள்ளவில்லை என்பதும் புரிந்தது. அந்தத் தேடல் அட்டவணைக்குப் பந்து வந்து சேர்ந்த கணங்கள் மட்டுமே தெரியும். நல்ல கார்னர்பேக்கின் பக்கமோ பந்து வராது. பந்தெறிபவரான எதிரணியின் குவார்ட்டர்பேக் அவர் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த அரை நொடிதான் அவருடைய வேலையின் பெரும்பகுதி, அதற்கு எந்த அட்டவணையிலும் தலைப்பு இல்லை.

ஆகவே துண்டுகளை விட்டுவிட்டு முழு ஆட்டங்களுக்குப் போனேன். அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. ஆடுகளத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு முறையும் பந்து எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதற்கு எல்லையாக அமையும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே தொழில்முறைக் களத்தில் பதினெட்டரை அடிதான் இடைவெளி. கல்லூரிக் களத்தில் 1993 முதல் 40 அடி. ஆகவே பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால், ஒரு பக்கம் 60 அடிக்குள் முடிந்துவிடும், மறுபக்கம் 100 அடிக்கு விரிந்து கிடக்கும். அந்த விரிந்த பக்கத்துக் கார்னர்பேக் தன்னந்தனியாக ஒரு பெரும் பரப்பைக் காக்க வேண்டியிருப்பதும், குறுகிய பக்கத்தில் நிற்பவர் எல்லைக்கோட்டையே இன்னொரு காவலாளியாகப் பயன்படுத்திக்கொள்வதும் கல்லூரி ஆட்டத்திற்கே உரிய அழகு. தொலைக்காட்சிக் கேமரா பந்தைத்தான் நடுவில் வைத்துக்கொள்ளும். பந்து நகர்ந்த மறுகணமே, விரிந்த பக்கத்துக் கார்னர்பேக் பின்னோக்கி நான்கு எட்டு வைத்துப் படத்திலிருந்து மறைந்துவிடுகிறார். போதாக்குறைக்கு இவை 1990களின் ஒளிபரப்புகள். அன்றைய தொலைக்காட்சியின் நான்குக்கு மூன்று என்ற குறுகிய சட்டகத்தில் அவர் மறைவது இன்னும் சீக்கிரமாக நடந்துவிடுகிறது. பயிற்சியாளர்கள் பயன்படுத்தும், இருபத்திரண்டு பேரும் ஒருசேரத் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கப்படும் படம் இந்தச் சேவையில் ஒரு ஆட்டத்துக்குக்கூடக் கிடையாது.

சேவையின் தரத்தை இதைக்கொண்டு மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது; எடுக்கப்பட்டதைத்தானே அவர்கள் தர முடியும்? ஆனால் எடுக்கப்பட்டதையே வெட்டித் தந்தால் கேட்க உரிமை உண்டு. விளம்பர இடைவேளைகளை நீக்கும் வேலையை ஏதோ ஒரு தானியங்கிக் கத்திரியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் போலும். பல இடங்களில் ஆட்டக்காரர்கள் அணிவகுத்து நிற்கும் அந்த மூன்று நான்கு நொடிகளும் சேர்ந்து போய்விட்டன. ஒரு கார்னர்பேக்கைப் படிப்பவருக்கு அந்த நொடிகள்தான் பொன்: ரிசீவரின் மூக்கருகே வந்து நின்று தோளைத் தள்ளப் பார்க்கிறாரா, ஏழெட்டு கெஜம் தள்ளி நின்று குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்க்கிறாரா, கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பவை எல்லாம் பந்து நகர்வதற்கு முன்பே தெரிந்துவிடும். பின்னால் நடப்பது படத்தில் இல்லாதபோது, முன்னால் நடப்பதையாவது விட்டுவைத்திருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று வாரங்கள் விடாமல் பார்த்தேன் என்றால், அதற்குச் சில ஆட்டங்களே காரணம். 1995 நவம்பரில் மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த ஆட்டம் அவற்றுள் முதலாவது. ஒரு தோல்வியும் காணாமல் வந்த எதிரணியை மிச்சிகன் 31-23 என்று வென்ற அந்த நாளை, பந்தோடு 313 கெஜம் ஓடிய மிச்சிகன் ஆட்டக்காரர் பியாகபுட்டுகாவின் நாள் என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதலாண்டு மாணவரான உட்சன் அன்று இரண்டு இடைமறிப்புகள் செய்தார்; இரண்டாவது, ஆட்டத்தின் கடைசித் தருணங்களில் வந்து கதவைச் சாத்தியது. எதிரணியில் டெரி கிளென் இருந்தார். அந்த ஆண்டின் சிறந்த ரிசீவருக்கான விருதைப் பெற்றவர். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையனைத் தேடித்தேடிப் பந்தெறிவதுதான் எந்தக் குவார்ட்டர்பேக்கும் எடுக்கும் முடிவு என்பதால், முதலாண்டு உட்சனைத்தான் கேமரா அதிகம் காட்டுகிறது. பெயர் பெறாத கார்னர்பேக்குக்கே படத்தில் அதிக இடம்!

1996ஆம் ஆண்டின் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தை உட்சனுக்காகத் திறந்தேன், எதிரணிக் கார்னர்பேக்குக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஷான் ஸ்பிரிங்ஸ் சாதாரண ஆளில்லை. அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகளின் தேர்வில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். மிச்சிகன் ரிசீவர் டாய் ஸ்ட்ரீட்ஸ் உள்நோக்கி வெட்டித் திரும்பியபோது ஸ்பிரிங்ஸுக்குக் கால் வழுக்கியது. ஸ்ட்ரீட்ஸ் 69 கெஜம் ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறும் டச்டவுனை அடித்தார். மிச்சிகன் 13-9 என்று வென்றது. ஆட்டம் முழுவதும் ஸ்பிரிங்ஸ் என்னென்ன செய்தார் என்பதைப் படம் காட்டவில்லை. அவர் விழுந்ததை மட்டும் தெளிவாக, ரீப்ளேயோடு காட்டுகிறது.

1997 பருவத்தின் பதிவுகள் இந்தச் சேவையில் இருப்பவற்றிலேயே நல்ல நிலையில் உள்ளன. அக்டோபர் 25 அன்று மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக உட்சன் செய்த அந்த இடைமறிப்புக்காகவே ஒரு மாதச் சந்தா கட்டலாம். நெருக்கடியில் சிக்கிய குவார்ட்டர்பேக் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் வீசித் தொலைக்கப் பார்க்கிறார். இவர் எம்பி, ஒற்றைக் கையை உயர்த்தி, அதைக் காற்றிலிருந்தே பிடுங்கிக்கொண்டு, ஒரு காலைக் கோட்டுக்கு உள்ளே வைத்து இறங்குகிறார். கல்லூரி விதிப்படி ஒரு கால் உள்ளே இருந்தால் போதும்; தொழில்முறை ஆட்டத்தில் இரண்டு கால்களும் வேண்டும். பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் வசதி இந்தச் சேவையில் சீராக இயங்குகிறது என்பதை இந்த ஓர் ஆட்டத்திலேயே சோதித்துக்கொள்ளலாம். படம் விட்டுவிட்டுத் துள்ளவில்லை, கால் எங்கே பட்டது என்பது தெரிகிறது. இதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 22 அன்று நடந்த ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம்தான் உட்சனுக்கு ஹைஸ்மனை வாங்கிக்கொடுத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பண்ட் உதையைப் பிடித்து 78 கெஜம் ஓடி அடித்த டச்டவுன், களத்தின் முனையில் டச்டவுன் அடிக்கும் பகுதியான எண்ட் ஸோனுக்குள் ஓர் இடைமறிப்பு, தாக்குதலில் 37 கெஜத்துக்கு ஒரு பிடிப்பு என்று அட்டவணைக்குக் கொண்டாட்டம்தான். அட்டவணை சொல்லாத இரண்டு விஷயங்களுக்காக அந்த ஆட்டத்தை முழுவதுமாகப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர் டேவிட் பாஸ்டன் உட்சனைக் கடந்து 56 கெஜத்துக்கு அடித்த டச்டவுன்; மாபெரும் கார்னர்பேக்கும் ஆட்டத்தில் ஒருமுறையாவது முதுகைக் காட்டி ஓடவேண்டி வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது. மற்றொன்று, மிச்சிகனின் மறுபக்கத்துக் கார்னர்பேக்கான ஆண்ட்ரே வெதர்ஸ் பந்தை இடைமறித்து 43 கெஜம் ஓடி அடித்த டச்டவுன். உட்சன் பக்கம் எறிய அஞ்சும் அணிகள் எறிந்தாக வேண்டிய பக்கம் எது? வெதர்ஸின் பக்கம்தான். ஒருவருடைய மௌனமான உழைப்பு இன்னொருவருடைய பெயரில் வரவாகும் இந்தக் கணக்கைத்தான் நான் மூன்று வாரங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், சேவையின் அட்டவணை அந்த வெதர்ஸ் ஓட்டத்தையும் உட்சன் பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறது. பிழையைச் சுட்டி எழுதியதற்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அட்டவணை இன்னும் மாறவில்லை.

மிச்சிகன் அந்த ஆட்டத்தை 20-14 என்றும், 1998 ஜனவரி 1 அன்று நடந்த, பருவத்தின் இறுதி ஆட்டமான ரோஸ் பவுலில் வாஷிங்டன் ஸ்டேட்டை 21-16 என்றும் வென்று, பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோல்வியின்றிப் பருவத்தை முடித்தது. இடையில், டிசம்பரில், வாக்கெடுப்பில் டென்னசி குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கின் 1,543 புள்ளிகளுக்கு எதிராக 1,815 புள்ளிகள் பெற்று உட்சன் ஹைஸ்மனை வாங்கியிருந்தார். ரோஸ் பவுல் பதிவில் வர்ணனையை நிறுத்திவிடாதீர்கள். கீத் ஜாக்சனோடு அமர்ந்து வர்ணித்தவர் பாப் கிரீஸ். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் பிரையன் கிரீஸின் தந்தை. மகன் பந்தெறியும் ஒவ்வொரு முறையும் தந்தையின் குரலைக் கவனித்துக் கேட்பது தனி இன்பம். அந்த ஆட்டத்திலும் எண்ட் ஸோனுக்குள் வாஷிங்டன் ஸ்டேட் குவார்ட்டர்பேக் ரயன் லீஃப் எறிந்த பந்தை உட்சன் பறிக்கிறார். அதுவே அவருடைய கடைசிக் கல்லூரி இடைமறிப்பு. அந்த ஒற்றைப் பருவத்தில் எட்டாவது.

1995, 1996 ஆண்டுகளின் சாதாரண ஆட்டங்கள் பலவும் வீட்டு நாடாவிலிருந்து எடுத்தவைபோல் நிறம் வெளுத்து, சட்டை எண் படிக்க முடியாத நிலையில் உள்ளன. ஒலி பரவாயில்லை. கைபேசிச் செயலியைவிடக் கணினியில் பார்ப்பதே மேல். செயலியில் பத்து நொடி பின்னால் போகும் பொத்தான் சில சமயம் முப்பது நொடி பின்னால் கொண்டுபோய்விடுகிறது. சந்தாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தினேன், தொல்லை எதுவும் தரவில்லை.

கார்னர்பேக்கும் ரிசீவருமாக இரு பக்கமும் ஆடி 2024ஆம் ஆண்டின் ஹைஸ்மனை வென்ற டிராவிஸ் ஹன்டரைப் பார்த்துவிட்டு, அவருக்கு முன்னோடி யார் என்று தேடி வருபவர்கள் ஒரு மாதம் சேர்ந்து பார்க்கலாம், பணம் வீணாகாது. கார்னர்பேக்காக ஆடிப் பழகுகிறவர்களும் பழக்குகிறவர்களும் இதில் பாடம் கிடைக்கும் என்று நம்பி ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். சேர்பவர்கள் தேடல் பெட்டியைத் தொடாமல், 1997 நவம்பர் 22 ஆட்டத்தை முதல் உதையிலிருந்து திறந்து, பந்தை விட்டுவிட்டு உட்சனின் 2ஆம் எண் சட்டையை மட்டும், அது படத்தை விட்டு வெளியேறும்வரை, பின்தொடர்ந்து பாருங்கள்.