'<0.5'ஐ என்ன செய்வது? டோபிட், பிஆர்எம்எஸ்: மூன்று வருட அனுபவம்

'<0.5' என்று இருக்கும் கட்டத்தில் 0.25 என்று போட்டு வேலையை முடித்தவன்தான் நானும். வங்கதேசக் குழாய்க் கிணறுகளின் ஆர்சனிக் தரவு அது. 61 மாவட்டங்கள், 3,534 கிணறுகள். ஆழம் கூடினால் ஆர்சனிக் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். கருவிக்கு எட்டாத அளவுகள் '<' குறியோடு கிடக்கும். ஆழமோ வாய்வார்த்தையாகச் சொன்னது. யாரும் கயிறு விட்டு அளக்கவில்லை.

முதல் தொல்லைக்கு, அதாவது அந்தக் குறிக்கு, புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழியின் சர்வைவல் பேக்கேஜ் போதும். ஆயுட்காலக் கணக்குக்கு எழுதியதுதான், ஆனால் இடப்பக்க சென்சாரிங்கையும் (மதிப்பு தெரியாது, ஓர் எல்லைக்குக் கீழே என்று மட்டும் தெரியும்) லாக்நார்மலையும் (மடக்கை எடுத்தால் மணி வடிவில் வரும் பரவல்) கொடுத்தால், அத்தகைய தரவுக்குக் கோடு பொருத்தும் டோபிட் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். இன்றும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தான்.

ஆழத்தில் உள்ள பிழைதான் படுத்தி எடுத்தது. உண்மை ஆழத்தின் திட்ட விலக்கம் 15 மீட்டர், பிழையினுடையது 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15இன் வர்க்கம் 225, அதோடு 10இன் வர்க்கம் 100 சேர்ந்தால் 325. 225ஐ 325ஆல் வகுத்தால் 0.69. சரிவு, அதாவது ஆழத்தோடு ஆர்சனிக் மாறும் வேகம், அந்த அளவுக்குச் சுருங்கித்தான் வரும். இன்னும் ஆயிரம் கிணறு சேர்த்தாலும் நிமிராது. எல்லாமே நார்மல் (மணி வடிவப்) பரவல் என்றால் டோபிட் சரிவை 0.69ஆல் வகுத்தால் சரியாகிவிடும். பொய்த்தரவு உருவாக்கிச் சோதித்தேன், வந்தது. ஆனால் 20 மீட்டர் கிணற்றுக்கும் 200 மீட்டர் கிணற்றுக்கும் ஒரே பிழையா இருக்கும்?

அதனால் ஆர் மொழியின் இன்னொரு பேக்கேஜான பிஆர்எம்எஸ்ஸுக்குப் (brms) போனேன். சென்சாரிங், அளவீட்டுப் பிழை இரண்டையும் ஒரே ஃபார்முலாவில் எழுதலாம். பிழையைக் கிணற்றுக்குக் கிணறு மாற்றியும் கொடுக்கலாம். ஒவ்வொரு கிணற்றின் உண்மை ஆழமும் ஒரு தெரியாத எண் ஆகிவிடுவதால் மெதுவாகத்தான் ஓடும். டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒரு வாரம் வீணானது என் தப்பு. சர்வைவலில் 0 என்றால் சென்சார் ஆனது, 1 என்றால் அளந்தது. பிஆர்எம்எஸ்ஸில் 0தான் அளந்தது. 1 வலப்பக்க சென்சார் (எல்லைக்கு மேலே), -1 இடப்பக்கம். சர்வைவலுக்குக் கொடுத்த 0, 1 நெடுவரிசையை அப்படியே கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அழகாக ஓடி, தப்பான சரிவைச் சொன்னது. இப்போது 'left' (இடது) என்று வார்த்தையாகவே கொடுக்கிறேன்.

சரி, அந்த 10 மீட்டர் எங்கிருந்து வந்தது? என் ஊகம்தான். ஒரே கிணற்றை இரண்டு முறை அளந்த தரவு இல்லாதவரை எந்த பேக்கேஜும் அதைச் சொல்லாது. பிழை 5 மீட்டர் என்றால் விகிதம் 0.9, 15 என்றால் 0.5. அறிக்கையில் மூன்றுக்கும் தனித்தனி வரிசை போடுகிறேன்.