நாற்பது பக்க நோட்டும் ஆறாம் நம்பர் பந்தும்: பாளையங்கோட்டை சிமெண்ட் கோர்ட்டுக்கு எது தேறும்?

கோடை விடுமுறை தொடங்கினால் திருநெல்வேலி, பாளையங்கோட்டை விளையாட்டுச் சாமான் கடைகளில் ஒரே பேச்சுதான். "அண்ணாச்சி, பையன் பாஸ்கெட்பால் சேந்திருக்கான். என்னல்லாம் வாங்கணும்?" பந்து, ஷூ, ஸ்கிப்பிங் கயிறு, மணிக்கட்டுப் பட்டை, முழங்கால் உறை என்று பில் ஏறிக்கொண்டே போகும். 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளை, கூரையில்லாத சிமெண்ட் கோர்ட்டில் ஆடும்போது இவற்றில் எது உதவும், எது வீண் என்பதைப் பார்க்கத்தான் இந்த மதிப்புரை. நாங்கள் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே ஒன்று: அந்தப் பொருள் பிள்ளையை ஒழுங்குக்குப் பழக்குகிறதா, கெட்ட பழக்கத்தைக் கையில் ஏற்றிவிடுகிறதா? அப்படி உரசிப் பார்த்தால் முதலிடம் வாங்குவது ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற 40 பக்க நோட்டு. பந்துக்கே இரண்டாம் இடம்தான்.

ஆனாலும் பந்திலிருந்தே தொடங்கலாம், செலவு அதில்தானே.

வாங்கும்போது பிராண்டைக் கேட்பதற்கு முன் நம்பரைக் கேளுங்கள். ஏழாம் நம்பர் பந்து ஆண்களுக்கானது. சுற்றளவு 75 முதல் 77 செ.மீ., எடை 600 கிராம் பக்கம். ஆறாம் நம்பர் பெண்களுக்கானது; சுற்றளவு சுமார் 72 செ.மீ., எடை 530 கிராம் அளவில். 12 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ ஐந்தாம் நம்பர்தான். நம் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் ஏழாம் நம்பர் பந்துதான் கிடக்கும். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை அதை ரிங்குக்கு எறியும்போது பலம் போதாமல், பந்தை இடுப்புவரை இறக்கி இரண்டு கையாலும் தள்ளுவாள். ஒரு கோடை முழுக்கத் தள்ளினால் அது கையில் ஊறிவிடும். அப்புறம் சரியான பந்தைக் கொடுத்தாலும் கை பழைய வேலையையே செய்யும். ரிங்கின் உயரமும் அப்படித்தான். பெரியவர்களுக்கு 3.05 மீட்டர்; 12 வயதுக்குட்பட்ட மினி ஆட்டத்தில் 2.60 மீட்டர். உயரத்தை மாற்றக் கோர்ட்டில் வழியில்லையென்றால் சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நின்று எறிய விடாதீர்கள். ரிங்குக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நிறுத்துங்கள், போதும்.

அடுத்தது பந்தின் மேல்தோல். சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்துதான். நல்ல ரப்பர் பந்து பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். காம்போசிட் எனும் செயற்கைத்தோல் பந்து கைக்கு இதமாக இருக்கும், வியர்வையை உறிஞ்சும்; ஆனால் மரத்தரைக்குச் செய்தது. சொரசொரப்பான சிமெண்டில் தினம் இரண்டு மணி நேரம் தட்டினால் சில வாரங்களிலேயே மேல்தோல் மழமழவென்று ஆகி வரித்தடம் மறைந்துவிடும். ரப்பரின் குறை, புதிதில் வழுக்குவது. முதல் வாரம் தட்டத் தட்டச் சரியாகிவிடும். செம்மண் தூசி படிந்தாலும் வழுக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும், சோப்பு வேண்டாம்.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை. பந்தைப் பின்சுழல் கொடுத்துத் தலைக்கு மேலே எறிந்து, வரித்தடத்தைக் கவனியுங்கள். தடம் ஆடாமல் சுழன்றால் பந்து உருண்டை; தள்ளாடினால் முட்டை வடிவம், வேறு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பந்துக்குக் காற்றடிப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பெரும்பாலான பந்துகளில் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். அளக்கக் கருவி இல்லையா? பந்தின் அடிப்பகுதி 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் கையை விடுங்கள். எழும்பும்போது பந்தின் மேல்விளிம்பு 1.2 மீட்டருக்கும் 1.4 மீட்டருக்கும் நடுவில் வர வேண்டும். சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவைத்தால் பிள்ளையே தினமும் பார்த்துக்கொள்ளும். பயிற்சிக்கு முன் பந்தைச் சோதிப்பது பிள்ளையின் வேலை, அப்பாவின் வேலை அல்ல. காலை வெப்பத்தில் 8 பி.எஸ்.ஐ. அடித்த பந்தை மே மாத வெயிலில் போட்டு அது 50 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளழுத்தம் 9.5-ஐத் தாண்டிவிடும். அதனால் வண்டி சீட்டுக்கு அடியிலோ கார் பின்கண்ணாடியிலோ வைக்கக் கூடாது. டயர் கடைக் கம்ப்ரசரில் காற்றடிக்கவும் கூடாது. இரண்டு நொடியில் அளவு மீறி, உள்ளே சுற்றியிருக்கும் நூல் விட்டுக்கொடுத்துப் பந்து ஒரு பக்கம் புடைத்துவிடும். சைக்கிள் பம்பும் ஊசியும் போதும். ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். இரவோடு இரவாகக் காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஷூவுக்கு நாலு வரி போதும். ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். குதிகால் பஞ்சு உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது கணுக்கால் புரளும். கான்வாஸ் ஷூவில் பக்கப் பிடிப்பே இல்லை. அடிப்பாகம் கெட்டி ரப்பராக, அகலமாக இருக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், ஆடும்போது போடுகிற அதே சாக்ஸோடு போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு வாங்குங்கள். மணிக்கட்டுப் பட்டை, முழங்கால் உறை இரண்டையும் கடையிலேயே விட்டுவிடலாம்.

ஸ்கிப்பிங் கயிற்றுக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. கயிற்றின் நடுவை மிதித்துக்கொண்டு நின்றால் கைப்பிடிகள் அக்குள்வரை எட்ட வேண்டும். நீளம் கூடினால் முடிச்சுப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் 30 நொடி குதித்து 30 நொடி ஓய்வு, இப்படி ஆறு முறை. உயரம் தரையிலிருந்து இரண்டு விரற்கடைதான். பிள்ளைகள் உற்சாகத்தில் ஓரடிக்குத் தவ்வுவார்கள். முன்னங்கால் எலும்பு வலி அதிலிருந்துதான் வருகிறது. சிமெண்டில் குதிக்காமல் கோர்ட்டுக்கு வெளியே மண்ணில் குதிக்கட்டும். மளமளவென்று வளர்கிற வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டில் வலிக்கிறது என்று சொன்னால் குதியலை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். "வலியைத் தாங்குனாத்தான் பிளேயர்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ நல்ல பிள்ளைகளின் முழங்காலைக் கெடுத்திருக்கிறார்கள்.

இனி நோட்டு. கோடு போட்டது, 40 பக்கம், நாளுக்கு ஒரு பக்கம். விடுமுறைக்குச் சரியாக வரும். ஜெல் பேனா வேண்டாம். வியர்வைக் கை பட்டால் மை பரவும். பென்சிலோ பால்பாயிண்டோ, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை.

பக்கத்தின் முதல் வரியில் தேதி, முந்தின இரவு தூங்கிய மணி, கோர்ட்டில் காற்று வீசுகிறதா இல்லையா. 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். அதற்குக் கீழே 9 மணிக்குக் குறையக் கூடாது. காலை 6 மணிப் பயிற்சிக்கு 5 மணிக்கு எழுகிற பிள்ளை இரவு 11 வரை போன் பார்த்தால் அந்த எண் 6 என்று நிற்கும். திட்டத் தேவையில்லை. நாலு நாள் தன் கையாலேயே 6, 6, 6 என்று எழுதினால் அதுவே உறுத்தும்.

அடுத்து ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்ததற்காக, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) பத்து. வரிசையாகப் பத்து எறியக் கூடாது. ஆட்டத்தில் யாருக்கும் பத்து சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டிரண்டாகத்தான் வரும், அதுவும் மூச்சு வாங்கும்போது. அதனால் இரண்டு எறி, 28 மீட்டர் கோர்ட்டின் மறுமுனைக்கு ஓடித் திரும்பு, மறுபடி இரண்டு எறி. இப்படி ஐந்து சுற்று. பந்து கைக்கு வந்தபின் எறிய விதி தருவது 5 நொடி. அந்த ஐந்துக்குள் தினமும் ஒரே சடங்கு: பாதம் நிலைகொள்ளட்டும், பந்தை இரண்டு தட்டு, மூச்சை வெளியே விடு, ரிங்கின் முன்விளிம்பைப் பார், எறி. மூன்று தட்டுப் பிடித்தால் மூன்று. நாளுக்கொரு விதமாக மாற்றக் கூடாது, அவ்வளவுதான். கூட்டம் கத்துகிற நேரத்தில் பிள்ளை பிடித்துக்கொள்ள இருக்கிற ஒரே கம்பு இந்தச் சடங்கு.

விழுந்ததற்கு ஒரு புள்ளி. விழாததற்கு எழுத்து: குறைவாகப் போனால் கு, நீளமாகப் போனால் நீ, இடது இ, வலது வ. நோட்டின் உயிரே இந்த நாலு எழுத்தில்தான் இருக்கிறது. பத்துக்கு ஐந்து என்ற எண் எதைத் திருத்துவது என்று சொல்லாது, எழுத்து சொல்லும். வரிசையாகக் கு வந்தால், அதுவும் கடைசிச் சுற்றுகளில் வந்தால், கால் சோர்ந்துவிட்டது, முழங்கால் மடங்காமல் கையால் மட்டும் எறிகிறது என்று பொருள். இ, வ மாறி மாறி வந்தால் முழங்கை வெளியே விரிகிறது, இல்லையென்றால் தாங்குகிற கையின் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளுகிறது. நீ மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், அது சீக்கிரம் அடங்கும்.

கு எழுத்தோடு பந்து தாழ்வாகவும் போனால் ஒரு கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ.; ஏழாம் நம்பர் பந்தின் விட்டம் 24 செ.மீ. பந்து 45 டிகிரி சரிவில் இறங்கினால் அதன் கண்ணுக்கு ரிங் 32 செ.மீ. அகலம்; தாராளமாக நுழையும். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5 செ.மீ.தான். விளிம்பில் உரசாமல் நுழைய வழியே கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முக்கோணவியல் பாடம். கோர்ட்டில் வரைந்து காட்டினால் மறுநாளே பந்தை உயர்த்தி எறியும்.

காற்றைக் குறிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற மேல்காற்று ஜூனில் ஏறினால் நம் கோர்ட்டிலும் பந்து ஒரு பக்கமாக ஒதுங்கும். காற்றுள்ள நாளில் வந்த இ, வ எழுத்துகளை நம்பி முழங்கையைத் திருத்தப் போனால் நல்ல எறியும் கெட்டுவிடும்.

நோட்டைக் கெடுப்பவர்களில் முதல் ஆள் வீட்டில்தான் இருக்கிறார். "ஏலே, இன்னைக்குப் பத்துக்கு எத்தனை போட்ட?" என்று அப்பா வாசலிலேயே கேட்டால் மூன்றாம் நாளிலிருந்து நோட்டில் பொய் ஏறும். பத்துக்கு ஆறு போடுகிற பிள்ளை ஒரு நாள் நாலும் மறுநாள் எட்டும் போடுவது இயல்பு. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பத்து நாள் சேர்த்து நூறில் பாருங்கள். தினமும் கேட்டே ஆக வேண்டுமென்றால், "இன்னைக்கு எந்தப் பக்கம் தப்புச்சு?" என்று கேளுங்கள். அதற்கு மறைக்காமல் பதில் வரும். நோட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். வாரம் ஒரு முறை கோச் பார்த்தால் போதும்.

மேட்ச் நாளுக்குத் தனிப் பக்கம். அதில் எத்தனை பாயிண்ட் என்று எழுத வேண்டாம், ஸ்கோர் ஷீட்டில் அது இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று, தோழனுடைய ஒவ்வொரு தவறுக்கும் பிறகு நடந்ததைக் குறிக்கட்டும்: உடனே திரும்பி ஓடினானா, தலையில் கை வைத்து நின்றானா, ரெஃப்ரியைப் பார்த்துக் கை விரித்தானா? பந்தை இழந்த பிறகு எதிரணி நம் ரிங்கை எட்ட நாலைந்து நொடி போதும். இரண்டு நொடி நின்று வருந்தினால் அங்கே நம் நாலு பேருக்கு அவர்கள் ஐந்து பேராகிவிடும். மனத்திடம் என்று மேடையில் பேசுவதெல்லாம் கோர்ட்டில் அந்த இரண்டு நொடிதான். அதை எண்ணலாம், எண்ணினால் குறைக்கலாம். குறிக்கிற பிள்ளைக்கும் லாபம். பெஞ்சில் சும்மா வாடாமல் ஆட்டத்தைப் பார்க்கப் பழகும்.

நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். அக்னி நட்சத்திர நாள்களில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். மாலை என்றால் ஐந்துக்குப் பிறகு. கால் மணிக்கு ஒரு முறை அரைத் தம்ளருக்குக் குறையாமல் தண்ணீர். முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். மேட்சுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அது மேட்ச் முடிந்த மத்தியானத்துக்கு.

கைச்செலவு இறுக்கமென்றால் வாங்கும் வரிசை இது: முதலில் நோட்டும் கயிறும், பிறகு ஷூ, கடைசியில் சொந்தப் பந்து. பந்து கோர்ட்டிலேயே கிடைக்கும், நம்பரை மட்டும் சரிபார்த்தால் போதும். முதல் நோட்டு ஜூன் தொடக்கத்தில் தீரும். பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டையில் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி மழை கோர்ட்டை நனைக்கிற நாளில், இரண்டாம் நோட்டையும் பக்கத்தில் வைத்து, கு எழுத்தை மட்டும் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.