மீனவ கிராமத்து பாணி ரிசார்ட்டா, மீனவர் வீட்டு ஹோம்ஸ்டேயா?

ஓய்வுதான் வேண்டுமென்றால் ரிசார்ட் போதும். ஓலைக் கூரைக் குடில், ஏசி, நீச்சல் குளம், வாசலில் அழகுக்குக் கவிழ்த்து வைத்த பழைய படகு. தூக்கத்தைக் கெடுக்க யாருமில்லை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுவே வசதி.

ஹோம்ஸ்டேயில் அந்த அமைதி கிடைக்காது. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதைப் பிடித்துக்கொண்டு பாய்மரப் படகுகள் விடியுமுன் கிளம்பும். மோட்டார் படகென்றால் சத்தமும் உண்டு. அப்புறம் கரையில் மீன் ஏலம், வலை பழுது பார்ப்பது, மீன் காயும் வாசனை. எனக்கு இதுதான் பிடிக்கும்; கடலை நம்பி வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து பேசும் காலைப்பொழுது ரிசார்ட்டில் கிடைக்காது.

சரி, ரிசார்ட்தான் என்று முடிவானால், உள்ளூர் படகுகளிடம் மீன் வாங்குகிறார்களா, மீனவர்கள் கரைக்கு வந்துபோக வழி விட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.